முகாம் ஏரியில் உயிர்காப்பாளர் வேலை

அமெரிக்கக் கோடைக்கால முகாம்கள் ஆள் தேடி அலையும் வேலைகளில் உயிர்காப்பாளர் வேலைக்கு முக்கிய இடம் உண்டு. கைவினை சொல்லித்தர ஆள் கிடைப்பார்கள். கூடைப்பந்து ஆடவும், இரவில் தீ மூட்டிப் பாட்டுப் பாடவும் கிடைப்பார்கள். ஏரிக்கரையில் சான்றிதழோடு நிற்க ஆள் இல்லையென்றால் ஒரு குழந்தையைக்கூடத் தண்ணீரில் இறக்க முடியாது. அதனால் நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞருக்கு இந்த வேலை கிடைப்பதில் பெரிய சிரமம் இருக்காது. கிடைத்த வேலையை ஒரு கோடை முழுவதும் ஒழுங்காகச் செய்வதில்தான் சிரமம் எல்லாம். இந்த அத்தியாயம் பெரும்பாலும் அந்தச் சிரமத்தைப் பற்றியது.

முகாம் என்றதும் நம் கல்லூரி என்.எஸ்.எஸ். முகாமை நினைத்துக்கொள்ள வேண்டாம். கனெக்டிகட்டில் பள்ளி நடத்திய ஃபிரெடரிக் கன் 1861-இல் தன் மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துப்போய்க் கூடாரமடித்துத் தங்கவைத்ததை அமெரிக்க முகாம்களின் தொடக்கமாகச் சொல்வார்கள். 1885-இல் தொடங்கிய கேம்ப் டட்லி நியூயார்க் மாநிலத்தில் சாம்ப்ளேன் ஏரிக்கரையில் இன்றும் நடக்கிறது. மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், பென்சில்வேனியாவின் போகோனோ மலைப்பகுதி, மிச்சிகன், விஸ்கான்சின் என்று ஏரியும் காடும் உள்ள இடங்களிலெல்லாம் இப்படிப்பட்ட முகாம்கள் உண்டு. ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை குழந்தைகள் மரக்குடில்களில் தங்குவார்கள். அன்றாட அட்டவணையில் ஏரிக்குத் தனி இடம். காலையில் நீச்சல் வகுப்பு, பிற்பகலில் விருப்பம்போல் நீந்தும் நேரம். இந்த இரண்டாவதை ‘ஃப்ரீ ஸ்விம்’ என்பார்கள். உங்கள் வேலையின் கடினமான மணிநேரம் அதுதான்.

வயதும் சான்றிதழும்

வயது விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உயிர்காப்பாளர் பயிற்சியில் 15 வயதிலேயே சேரலாம். ஆனால் கூட்டாட்சித் தொழிலாளர் விதிப்படி 15 வயதுப் பிள்ளை வேலை செய்யக்கூடியது நீச்சல்குளத்திலும் நீர்ப் பூங்காவிலும் மட்டுமே. ஏரி, ஆறு, கடற்கரை போன்ற இயற்கை நீர்நிலைகளுக்கு 16 நிரம்பியிருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்களுக்கு ஜே-1 விசாவில் ‘கேம்ப் கவுன்சிலர்’ என்றே ஒரு பிரிவு இருக்கிறது. அதற்குக் குறைந்தது 18 வயது. தங்க அனுமதி அதிகபட்சம் நான்கு மாதம். அந்த விசாவை நீங்கள் தனியாக வாங்க முடியாது. அமெரிக்க அரசு அங்கீகரித்த ஓர் அமைப்பு உங்களுக்குப் பொறுப்பேற்க வேண்டும். ஆகவே முகாம்களுக்கு எழுதும் வேலையைக் குளிர்காலத்திலேயே தொடங்கிவிடுங்கள். ஏப்ரலில் விழித்துக்கொண்டால் அந்தக் கோடை போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

பயிற்சியில் சேருமுன் ஒரு தகுதித் தேர்வு உண்டு. அதில் இரண்டு பகுதிகள் பலரைத் தடுக்கின்றன. ஒன்று, கைகளைப் பயன்படுத்தாமல் கால்களை மட்டும் அடித்து 2 நிமிடம் நின்ற இடத்திலேயே மிதப்பது. மற்றொன்று, அங்கே எல்லாரும் ‘பிரிக் டெஸ்ட்’ என்று சொல்வது. 20 கெஜம் நீந்திப் போய், 7 முதல் 10 அடி ஆழத்தில் கிடக்கும் 10 பவுண்டு எடையை முங்கி எடுத்து, அதை இரு கைகளாலும் நெஞ்சோடு பிடித்தபடி மல்லாந்து கால்களாலேயே நீந்தித் திரும்பி, ஏணி இல்லாமல் கரையேற வேண்டும். எல்லாம் 1 நிமிடம் 40 வினாடிக்குள். முகாம் ஏரிக்கு ‘வாட்டர்ஃப்ரன்ட்’ என்ற கூடுதல் பயிற்சியும் தேவை. நீச்சல்குளச் சான்றிதழை மட்டும் காட்டினால் நல்ல முகாம் ஏற்றுக்கொள்ளாது.

கிணற்றிலும் வாய்க்காலிலும் நீந்தக் கற்றவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. உங்கள் பலத்தைக் குறைத்து எண்ணாதீர்கள். முங்கி அடித்தரையைத் தொடுவதும், கலங்கல் தண்ணீரில் பயப்படாமல் இருப்பதும், தலையை மேலே வைத்து நீந்துவதும் உங்களுக்குக் கைவந்தவை. மூழ்குபவரைக் கண்ணிலிருந்து விடாமல் நெருங்குவதற்குத் தலை மேலே இருக்கும் நீச்சல்தான் வேண்டும். நீச்சல்குளத்தில் மட்டும் பழகியவர்கள் அதைப் புதிதாகக் கற்கிறார்கள். உங்களிடம் குறையக்கூடியது நீண்ட தூரத்துக்கான மூச்சும் மல்லாந்த நீச்சலும். கிணற்றின் அகலத்தில் இந்த இரண்டும் வராது. மூன்று மாதம் நகராட்சிக் குளத்திலோ கல்லூரிக் குளத்திலோ முறையாகப் பயின்றால் வந்துவிடும்.

பெண்கள் தயங்கும் ஒரு காரணம் உடை. உடலை ஒட்டிய முழு நீச்சலுடையும், அதன்மேல் கால்சட்டையும், முழுக்கை ‘ராஷ் கார்டு’ சட்டையும் போட்டு வேலை செய்பவர்கள் ஏராளம். வெயிலுக்கும் அதுவே நல்லது. ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நேர்காணலில் நீங்கள் கேட்க வேண்டியவை

முகாம் உங்களைக் கேள்வி கேட்பதுபோல் நீங்களும் முகாமைக் கேட்க வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை குழந்தைகள் தண்ணீரில் இருப்பார்கள், எத்தனை உயிர்காப்பாளர்கள்? அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் விதி பத்துப் பேருக்கு ஒருவர் என்கிறது. ஏரிப் பொறுப்பாளர் யார், அவருக்கு எத்தனை கோடை அனுபவம்? வாராவாரம் மீட்புப் பயிற்சி நடக்குமா? பயிற்சிக் கட்டணம் யார் பொறுப்பு? நான் குழந்தைகளோடு குடிலில் தங்க வேண்டுமா, இரவுக் காவல் முறை வருமா, வாரத்தில் முழு நாள் விடுப்பு உண்டா? இந்தக் கடைசி மூன்று கேள்விகளும் சுகத்துக்காகக் கேட்பவை அல்ல. இரவில் நீங்கள் எவ்வளவு தூங்குகிறீர்கள் என்பதும் மறுநாள் பிற்பகலில் ஏரியை எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதும் ஒன்றோடொன்று கட்டுண்டவை.

சம்பளம் பற்றிச் சுருக்கமாக. ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் இயங்காத பொழுதுபோக்கு நிறுவனங்களுக்குக் கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதிய விதியிலிருந்து விலக்கு இருக்கிறது. பல முகாம்கள் இதைப் பயன்படுத்திக் கோடை முழுமைக்கும் ஒரு தொகை என்று பேசும். சாப்பாடும் தங்குமிடமும் சேர்ந்துதான் வரும். உயிர்காப்பாளர் சான்றிதழுக்குக் கூடுதலாகக் கேட்கலாம். கேட்பவர்களுக்குக் கிடைப்பதும் உண்டு.

குழந்தைகள் வருமுன் ஒரு வாரம்

ஊழியர் பயிற்சி வாரத்தை விளையாட்டும் அறிமுகமுமாகக் கழித்துவிடாதீர்கள். அந்த வாரத்தில் ஏரி உங்களுக்குப் பாடமாக வேண்டும். நீந்தும் பகுதியின் அடித்தரை முழுவதையும் நீங்களே முங்கிப் பாருங்கள். எங்கே மணல், எங்கே சேறு, எங்கே திடீரென்று இறங்குகிறது, எந்த மரத்தளத்தின் அடியில் ஒரு குழந்தை நுழைந்துகொள்ள இடம் இருக்கிறது என்பது கை அறியத் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீரில் எவ்வளவு ஆழம்வரை கண்ணுக்குத் தெரிகிறது என்று பாருங்கள். பல ஏரிகளில் ஐந்தாறு அடிக்குக் கீழே எதுவும் தெரியாது. நீச்சல்குளத்தில் மூழ்கியவரை அடித்தரையில் பார்த்துவிடலாம். ஏரியில் மூழ்கியவர் பார்வையிலிருந்தே போய்விடுவார். முகாம் ஏரியின் விதிகள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறந்தவைதான்.

வடக்கு மாநிலங்களில் ஜூன் மாதத் தண்ணீர் நம்மவர்களுக்கு அதிர்ச்சி தரும் அளவுக்குக் குளிரும். முதல் நாளிலிருந்தே தினமும் சிறிது நேரம் இறங்கி உடலைப் பழக்குங்கள். உங்களுக்கே மூச்சுத் திணறினால் பிறரைக் காப்பாற்றுவது எங்கே?

நீச்சல் தேர்வும் சீட்டுப் பலகையும்

குழந்தைகள் வந்திறங்கிய முதல் நாளிலேயே ஒவ்வொருவருக்கும் நீச்சல் தேர்வு நடக்கும். சாரண முகாம்களில் நீச்சல்காரர் என்று பெயர் வாங்க, தலைக்கு மேல் ஆழமுள்ள தண்ணீரில் குதித்து 75 கெஜம் வலுவாகவும் 25 கெஜம் மல்லாந்து நிதானமாகவும் நீந்தி, பிறகு அசையாமல் மிதந்து காட்ட வேண்டும். மற்ற முகாம்களின் அளவுகள் கொஞ்சம் மாறும், கருத்து ஒன்றே. நீந்தத் தெரியாதவர் மார்பளவுக்கு உட்பட்ட பகுதியில், கற்றுக்கொண்டிருப்பவர் அடுத்த பகுதியில், தேர்ந்தவர் ஆழத்தில்.

தேர்வு நடத்தும்போது இரக்கம் காட்டுங்கள், மதிப்பெண்ணில் மட்டும் காட்டாதீர்கள். பதின்மூன்று வயதுப் பையன், தன் குடில் நண்பர்களெல்லாம் ஆழத்துக்குப் போக, தான் மட்டும் எட்டு வயதுக் குழந்தைகளோடு நிற்க நேர்வதை நினைத்து நடுங்குவான். எப்படியாவது கரை சேர்ந்துவிடலாம் என்று கடைசி இருபது கெஜத்தைத் தத்தளித்தபடி கடப்பான். அவன் கற்றுக்கொண்டிருப்பவனா தேர்ந்தவனா என்பதை முடிவு செய்பவர் நீங்கள். தத்தளித்துக் கடந்தவன் நாளை மறுநாள் களைத்த உடம்போடு, யாரும் கவனிக்காத ஒரு நொடியில் அதே தூரத்தைக் கடக்க முயல்வான். முடியாது என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லும்போது அவன் நண்பர்கள் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். “தினமும் காலையில் அரை மணி நேரம் என்னோடு வா, பத்து நாளில் மறுபடி தேர்வு வைக்கிறேன்” என்று ஒரு வழியும் காட்டுங்கள். இப்படி வந்த பிள்ளைகள்தான் கோடை முடிவில் உங்கள் பெயரை நினைவில் வைத்திருப்பார்கள்.

இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகளில் நீந்தத் தெரியாமலே பெரியவர்களாகி முகாமுக்கு வருபவர்கள் உண்டு. வீட்டில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நீச்சல் தெரியாது, தண்ணீர் என்றாலே பயம் சொல்லி வளர்த்திருப்பார்கள். அந்தப் பிள்ளையிடம் இரண்டு வார்த்தை தமிழில் பேசினால் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். “அண்ணா, எனக்கு வேண்டாம்” என்று கரையிலேயே நிற்பவனை அன்றே இழுத்து இறக்காதீர்கள். முதலில் மரத்தளத்தில் உட்கார்ந்து காலை நனைக்கட்டும்.

தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயரெழுதிய ஒரு சீட்டு. தண்ணீரில் இறங்குமுன் பலகையில் தன் பகுதிக்குரிய கொக்கியில் அதை மாட்ட வேண்டும், வெளியேறும்போது எடுக்க வேண்டும். இறங்குவது எப்போதும் ஜோடியாக. இதை அங்கே ‘பட்டி சிஸ்டம்’ என்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போல விசில் ஊதினால், ஜோடிகள் கை கோத்து உயர்த்தி அசையாமல் நிற்க, தலைகளை எண்ணிப் பலகையோடு ஒப்பிடுவீர்கள். குழந்தைகளுக்கு இது எரிச்சல். சில ஊழியர்களுக்கும் எரிச்சல். மூன்றாவது வாரத்தில் “இன்று ஒருமுறை விட்டுவிடலாமே” என்ற குரல் எங்கிருந்தாவது வரும். விடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அடித்தரைக்கு மாற்றாக உங்களிடம் இருப்பது அந்தப் பலகை ஒன்றுதான். சீட்டை அந்தந்தப் பிள்ளையே தன் கையால் மாட்டி, தன் கையால் எடுக்க வேண்டும். நண்பனுக்காக இன்னொருவன் எடுத்துவைத்தால் பலகை பொய் சொல்லும்.

பார்ப்பது

மூழ்குபவர் கையை ஆட்டுவார், “காப்பாற்றுங்கள்” என்று கத்துவார் என்று சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா, அங்கே மக்கள் உண்மையில் தத்தளிப்பதைப் படமெடுத்து ஆராய்ந்தார். 1970 வாக்கில் வந்த அவருடைய படம் இந்தத் தொழிலையே மாற்றியது. அவர் கண்டது இதுதான். நீந்தத் தெரியாமல் மூழ்குபவரால் கூப்பிட முடியாது. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்தச் சிறு நேரம் மூச்சு வாங்கவே போதாது. கையை ஆட்டவும் முடியாது. கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். உடல் செங்குத்தாக நிற்கும், கால் உதை இருக்காது, தலை பின்னால் சாய்ந்து வாய் நீர்மட்டத்தில் இருக்கும். இப்படி 20 முதல் 60 வினாடி. பிறகு உள்ளே போய்விடுவார். பக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு அவர் விளையாடுவதுபோலவே தெரியும்.

சத்தம் வரும் திசையில் பார்க்கும் பழக்கத்தை நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டும். கூச்சலிடும் குழந்தைக்கு மூச்சு இருக்கிறது. சட்டென்று அடங்கிப்போன குழந்தையைப் பாருங்கள். முன்னேறாமல் ஒரே இடத்தில் நிற்கும் தலை, முகத்தில் விழுந்த முடியை ஒதுக்காத சிறுமி, மரத்தளத்தைப் பார்த்தபடியே நகராத கண்கள், ஏணி ஏறுவதுபோல் அசையும் கைகள் — இவையெல்லாம் அடையாளம். சந்தேகம் வந்தால் “சரியா இருக்கியா?” என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் இறங்குங்கள். நன்றாக இருக்கும் பிள்ளையை நோக்கி நீங்கள் பத்து முறை வீணாகக் குதித்தாலும் யாரும் உங்களைக் குறை சொல்லக் கூடாது; குறை சொல்லும் முகாமில் வேலை செய்யாதீர்கள்.

ஜெஃப் எல்லிஸ் நிறுவிய பயிற்சி நிறுவனம் ‘10/20’ என்ற அளவைப் புகழ்பெறச் செய்தது. ஆபத்தில் இருப்பவரை 10 வினாடிக்குள் கண்டுகொள்ள வேண்டும், அடுத்த 20 வினாடிக்குள் போய்ச் சேர வேண்டும். உங்கள் பார்வை எல்லையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை 10 வினாடியில் பார்த்து முடிக்க முடிகிறதா என்று நாற்காலியில் உட்கார்ந்து நீங்களே சோதியுங்கள். முடியவில்லையென்றால் எல்லை பெரிது. இன்னொரு நாற்காலி கேளுங்கள். வெயில் ஏரியில் பட்டுத் தெறிக்கும் நேரத்தில் பாதி ஏரி வெள்ளித் தகடாகிவிடும். போலரைஸ்டு கண்ணாடி அணியுங்கள், அப்படியும் தெரியாத மூலை இருந்தால் எழுந்து இடம் மாறி நில்லுங்கள்.

பியா 1984-இல் எழுதிய ஒரு கட்டுரையில், காவலர் இருந்தும் மூழ்குவது ஏன் நடக்கிறது என்பதற்கு மூன்று காரணம் சொன்னார்: ஆபத்தை அடையாளம் காணாமை, வேறு வேலைகளின் குறுக்கீடு, கவனச் சிதறல். முதலாவதைப் பயிற்சி தீர்க்கும். மூன்றாவதற்குக் கைப்பேசியைக் குடிலிலேயே விட்டுவருவது ஆரம்பம். முகாமில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது நடுவில் இருப்பதுதான். முகாம் வாழ்க்கையில் எல்லாரும் எல்லா வேலைக்கும் கை கொடுப்பார்கள். அது அழகான பண்பு. ஏரிக்கரையில் அதற்கு இடமில்லை. “அந்தத் துடுப்பை எடுத்து வையேன்”, “இந்தக் குழந்தைக்குக் கண்ணாடியை இறுக்கிக் கொடு”, “சீட்டுப் பலகையை ஒரு நிமிடம் பார்த்துக்கொள்” என்று நல்லெண்ணத்தோடு கேட்பார்கள். நாற்காலியில் இருக்கும்வரை எதற்கும் சம்மதிக்காதீர்கள். “பணி முடிந்ததும் செய்கிறேன்” என்று, கண்ணை ஏரியிலிருந்து எடுக்காமலே பதில் சொல்லப் பழகுங்கள். குழந்தைகள் வந்து பேசுவார்கள், தும்பி காட்டுவார்கள், வீட்டு ஏக்கத்தில் அழுவார்கள். அவர்களிடமும் முகம் திருப்பாமல் அன்பாகப் பேச முடியும். முதல் வாரத்திலேயே “நான் உன்னைப் பார்க்காமல் பேசினால் கோபம் இல்லை, ஏரியில் இருக்கும் உன் நண்பனைப் பார்க்கிறேன்” என்று சொல்லிவையுங்கள். ஆறு வயதுக் குழந்தைக்கும் அது புரியும்.

இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்வது நல்ல முகாம்களின் வழக்கம். மாறும்போது புதியவர் வந்து ஏரியைப் பார்க்கத் தொடங்கியபின்தான் பழையவர் கண்ணை எடுக்க வேண்டும். சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு இறங்குங்கள்: “நீலத் தொப்பிப் பையன் களைத்திருக்கிறான், மிதவைக் கயிற்றில் இருவர் தொங்குகிறார்கள்.”

மூச்சடக்கும் போட்டியை எக்காரணத்துக்கும் அனுமதிக்காதீர்கள். வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு முங்கினால் மூச்சு வாங்கத் தூண்டும் உந்துதல் தாமதமாகிறது. அதற்குள் ஆக்சிஜன் குறைந்து நீருக்கடியில் நினைவு தப்பும். நன்றாக நீந்தும் பிள்ளைகள்தான் இதில் சிக்குகிறார்கள். ஆழம் குறைந்த இடத்தில் தலைகீழாகப் பாய்வதும் அப்படித்தான், கழுத்தெலும்புக்கு ஆபத்து. இரண்டையும் முதல் முறையிலேயே நிறுத்துங்கள்.

வலிப்பு, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பெயர்கள் ஏரிக் குழுவுக்கு முகாம் செவிலியரிடமிருந்து வந்தாக வேண்டும். வரவில்லையென்றால் நீங்கள் போய்க் கேளுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சிலருக்குத் தண்ணீர்மேல் அடங்காத ஈர்ப்பு இருக்கும்; அட்டவணையில் இல்லாத நேரத்தில் ஏரிப்பக்கம் தனியாக வந்துவிடக்கூடும். அவர்கள் குடிலைக் கவனிப்பவரோடு இதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

இறங்க வேண்டி வந்தால்

முகாமில் நீங்கள் செய்யும் உதவிகளில் பெரும்பாலானவை களைத்துப்போன பிள்ளைக்குக் கம்பை நீட்டுவதும், தோளைப் பிடித்து மரத்தளத்தில் ஏற்றுவதுமாகவே இருக்கும். இறங்க நேர்ந்தால் நீண்ட விசில் ஒன்று ஊதிவிட்டு இறங்குங்கள். அதைக் கேட்டதும் மற்ற எல்லாரும் தத்தம் வேலையை அறிந்திருக்க வேண்டும். அடித்தரை தெரியாத ஏரியில் தலைகீழாகப் பாயாதீர்கள். மீட்பு மிதவையை எப்போதும் உங்களுக்கும் மூழ்குபவருக்கும் நடுவே வையுங்கள். பயத்தில் பத்து வயதுக் குழந்தைகூட உங்களை அமுக்கிவிடும். முடிந்தால் பின்புறமாகப் போங்கள்.

தலை எண்ணிக்கை பலகையோடு ஒத்துவராத நேரம் இந்த வேலையின் மிகக் கடுமையான நேரம். பெரும்பாலும் பிள்ளை கழிப்பறையில் இருக்கும், சீட்டை எடுக்க மறந்திருக்கும். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. தண்ணீரில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே தேடலைத் தொடங்க வேண்டும். எல்லாரையும் வெளியேற்றுங்கள். ஒருவர் அவசர உதவிக்கு அழைக்க, சிலர் குடில்களுக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் ஓட, அதே நேரத்தில் ஆழம் குறைந்த பகுதியில் பெரியவர்கள் கை கோத்து வரிசையாக நடந்து கால்களால் தரையைத் துழாவ வேண்டும். ஆழத்தில் உயிர்காப்பாளர்கள் வரிசையாக முங்கி, அடித்தரையைக் கையால் தடவியபடி இரண்டு மூன்று வீச்சு முன்னேறி, மேலே வந்து, சற்றுப் பின்வாங்கி வரிசையைச் சரிசெய்து, முன்பு தேடிய இடத்தின் மேலாகவே மறுபடி முங்க வேண்டும். இதை வாராவாரம் ஒத்திகை பாருங்கள், மணி பார்த்துக்கொண்டே. முன்னறிவிப்பு இல்லாமல் நடத்தச் சொல்லுங்கள்.

வெளியே எடுத்தவருக்கு மூச்சில்லையென்றால், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது என்று நம் ஊரில் பார்த்த எதையும் செய்யாதீர்கள். அதனால் நேரம் போகிறது, வயிற்றில் இருப்பது நுரையீரலுக்கும் போகிறது. நீரில் மூழ்கியவரின் இதயம் நிற்பது ஆக்சிஜன் இல்லாததால். அதனால் முதலில் இரண்டு முறை வாய்வழி மூச்சுக் கொடுத்துவிட்டு, பிறகு மார்பை அழுத்துங்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில், முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. குழந்தைக்கு இருவராகச் செய்தால் பதினைந்துக்கு இரண்டு. இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவி வந்ததும் மார்பை நன்றாகத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். நினைவு திரும்பினாலும் மருத்துவமனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். தண்ணீர் குடித்து எழுந்து “நான் நன்றாக இருக்கிறேன்” என்று சொல்லும் பிள்ளை இருமிக்கொண்டே இருந்தாலும், மூச்சு வாங்கச் சிரமப்பட்டாலும், வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்தாலும் அப்படித்தான்.

இப்படி ஒன்று நடந்த பிறகு உங்கள் கை நடுங்கும், இரவில் தூக்கம் வராது. எல்லாம் நன்றாக முடிந்திருந்தாலும் இப்படித்தான். அன்றைய மிச்சப் பணியை வேறொருவரிடம் கொடுங்கள். நடந்ததை நடந்த வரிசையில் அன்றே எழுதிக்கொடுங்கள். ஊகம் எதையும் சேர்க்க வேண்டாம். சமூக ஊடகத்தில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் துயரம்.

இடி, தூக்கம், நட்பு

இடிச் சத்தம் கேட்டால் எல்லாரும் கரைக்கு வர வேண்டும். கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி இறங்கலாம். இருபத்தெட்டாவது நிமிடத்தில் இன்னொரு இடி கேட்டால் கணக்கு முதலிலிருந்து. குழந்தைகள் முணுமுணுப்பார்கள், குடில்களைக் கவனிக்கும் கவுன்சிலர்கள் வானத்தைக் காட்டி வாதாடுவார்கள். இதில் பேரம் கிடையாது.

முகாம் ஊழியர்கள் எல்லாரும் உங்கள் வயதுதான். குழந்தைகள் தூங்கியபின் ஊழியர் அறையில் சிரிப்பும் பாட்டும் நள்ளிரவைத் தாண்டும். பல நாட்டுப் பிள்ளைகளோடு கிடைக்கும் அந்த நட்பு இந்த வேலையின் பெரிய செல்வம், அதைத் தவறவிடச் சொல்லமாட்டேன். விடுப்பு நாளுக்கு முந்திய இரவை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரவுகளில் ஏழு மணி நேரமாவது தூங்குங்கள். ஐந்தாவது வாரம் வரும்போது இந்த அறிவுரை உங்களுக்கு நன்றாகவே விளங்கும். உடம்பு முழுதும் களைத்து, ஏரியில் இதுவரை எதுவும் நடக்கவில்லை என்ற நம்பிக்கையும் சேர்ந்து கண்ணை மந்தமாக்கும் காலம் அது. கண் சொருகுகிறது என்று தெரிந்த நொடியில் விசில் இரண்டு முறை ஊதிச் சக காவலரை அழைத்து மாற்று ஆள் கேளுங்கள். அப்படிக் கேட்பவரை ஏரிப் பொறுப்பாளர்கள் மதிக்கிறார்கள்.

கோடை முடிந்து கிளம்பும்போது

பொறுப்பாளரிடம் பரிந்துரைக் கடிதத்தை முகாமை விட்டுக் கிளம்புமுன்பே வாங்கிவிடுங்கள். செப்டம்பரில் எல்லாரும் சிதறிப்போவார்கள். சான்றிதழ் இரண்டு ஆண்டு செல்லும். காலாவதியாகுமுன் சுருக்கமான மறுபயிற்சி எடுத்தால் போதும், விட்டுவிட்டால் முழுப் பயிற்சியையும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். ஜே-1 விசாவில் போனவர்கள் சம்பளச் சீட்டுகளையும் டபிள்யூ-2 படிவத்தையும் பத்திரமாக வையுங்கள். வரி விதிகளின்படி வெளிநாட்டுவாசியாகக் கணக்கிடப்படும் ஜே-1 ஊழியர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு வரி பிடிக்கக் கூடாது. பிடித்திருந்தால் முதலில் முகாம் அலுவலகத்தில் கேட்டுத் திரும்பப் பெறுங்கள். வருமான வரிக் கணக்கை 1040-என்.ஆர். படிவத்தில் அடுத்த ஏப்ரலுக்குள் அனுப்ப வேண்டும். அடுத்த கோடைக்கும் அதே ஏரிக்குப் போக விரும்பினால் அதை ஆகஸ்டிலேயே சொல்லிவிடுங்கள். திரும்பி வரும் உயிர்காப்பாளருக்கு முகாம்கள் தொகையைக் கூட்டித்தரத் தயாராக இருக்கும்.